பச்சை வட்டம் போட்ட பாக்கெட்

அக்டோபர் 11, சனி

போர்வைக்குள் உட்கார்ந்து, சைக்கிள் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பயமாக இருக்கிறது. இன்று ராத்திரி அம்மா அப்பாவிடம், "தைக்குள்ள எல்லாம் சரியா வரலைன்னா நானும் கோமுவும் ஊருக்குப் போயிருதோம். நீங்க இருந்து சம்பாதிச்சிட்டு வாங்க" என்று சொன்னாள். கோமு நான்தான். அதையும் மெதுவாகச் சொன்னாள். அம்மா சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவாள். நான் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன்.

ஜெர்மனிக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. அப்பாவுக்கு இங்கே மிஷின் கம்பெனியில் வேலை. திருநெல்வேலியில் நாங்கள் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அப்பா கோயம்புத்தூரில் நாலு வருஷம் ஹாஸ்டலில் தங்கி, வெறும் தயிர் சாதம் சாப்பிட்டே இன்ஜினியர் ஆனவர் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். இந்த ஊரிலிருந்து இந்தியக் கடைக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். கொண்டுவந்த பருப்பும் மீல்மேக்கரும் தீர்ந்துவிட்டன. உருளைக்கிழங்கு, ரொட்டி, தயிர், மறுபடியும் உருளைக்கிழங்கு. அப்பா பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். அதைப் பார்த்துத்தான் அம்மா அழ ஆரம்பித்தாள்.

இந்த நோட்டை அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டியில் அடியில் வைக்கப்போகிறேன். இந்தக் குளிரில் யாருக்காகப் பட்டுக் கட்ட என்று அம்மா சொல்லியிருக்கிறாள். யாரும் திறக்கமாட்டார்கள்.

அக்டோபர் 18, சனி

அப்பாவின் ஆபீஸ் நண்பர், இந்த நாட்டில் சோயாவை விதவிதமாக விற்கிறார்கள், பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும் என்று சொன்னாராம். மூன்று பேரும் கடைக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிப்பதால் லேபிள் படிக்கும் வேலை எனக்கு.

முதலில் 'வீகன்' என்று எழுதிய அலமாரிக்குப் போனோம். அங்கே எல்லாப் பாக்கெட்டிலும் கோழிக்கால் படமும் பொரித்த மீன் படமும் இருந்தன. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "படமே கொமட்டுது, வாட்டி அந்தப்பக்கம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா ரொட்டிப் பக்கம் போனார்.

"பச்சைப் புள்ளி இருக்கான்னு மட்டும் பாரு" என்றாள் அம்மா. ஊரில் பிஸ்கட்டிலிருந்து ஐஸ்கிரீம் வரை அப்படித்தானே பார்ப்போம். பச்சைப் புள்ளி சைவம், அரக்குப் புள்ளி அசைவம். இங்கே புள்ளி எதிலும் இல்லை. கடைசியில் ஒரு பாக்கெட்டின் பின்னால் கண்டுபிடித்தேன். பச்சை வட்டம், அதற்குள் இரண்டு அம்புகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு.

"புள்ளிக்கும் டிசைன் போட்டிருக்கான் பாரு" என்றாள் அம்மா.

முன்பக்கம் சிவப்புக் குடைமிளகாய் படம், இரண்டு பச்சை இலை. உள்ளே ஏற்கெனவே வறுத்த நீள நீளத் துண்டுகள். பெரிய எழுத்தில் 'பூட்டே' என்று இருந்தது.

"அது என்னட்டி?"

"கம்பெனி பேரும்மா" என்றேன். அம்மா என் தலையைத் தடவினாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

குருமா வெற்றி.

அம்மா மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். ஒரு துண்டைப் பிய்த்தாள், நார் நாராக வந்தது. "ஏட்டி, சோயாவுல எப்படி நாரு வச்சிருக்கான் பாரேன். நம்ம ஊரு மீல்மேக்கர் வெறும் பஞ்சு. வெள்ளக்காரன் மூளையே மூளை."

அப்பா முதல் வாய் வைத்து மென்றார். பாதியில் நிறுத்தினார். அம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்தபிறகு அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். மேடையில் கிடந்த கவரைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

"நல்லாருக்கு பிரமு. அப்படியே இருக்கு."

"அப்படியேன்னா?"

"அப்படியே சோயா."

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ரொம்ப நேரம் கை கழுவினார். அப்புறம் மத்தியானம் இரண்டு மணிக்கு சாமி படத்துக்கு முன்னால் நின்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். "நாளைக்கு தீபாவளில்லா" என்றார்.

அம்மா கவரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒட்டினாற்போல் கத்தரித்து, துடைத்து, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். இனிமேல் இதே மாதிரிதான் வாங்கி வரவேண்டுமாம்.

அக்டோபர் 27, திங்கள்

அம்மா பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். வாரத்துக்கு மூன்று நாள் சோயா. குருமா, சுக்கா வறுவல், வடைகூட. அப்பா மட்டும் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். திங்கள், வெள்ளி, அமாவாசை, பௌர்ணமி கூடாது.

"மீல்மேக்கருக்கு என்னங்க வெள்ளி செவ்வா?"

"சோயா சூடு, பிரமு."

"அப்போ வியாழக்கிழமை மட்டும் குளுமையாக்கும்?"

அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அது ஜெர்மன் செய்தித்தாள். அப்பாவுக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது.

நவம்பர் 4, செவ்வாய்

அப்பாவின் பெல்ட் பழைய ஓட்டைக்கே திரும்பிவிட்டது. அம்மா செவ்வாய்க்கிழமை ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் அந்தப் பாக்கெட் செய்த வேலை.

நவம்பர் 8, சனி

பக்கத்து ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து சாமி கும்பிடுகிறார்கள். அதை நடத்துகிற திலகவதி அன்ரியை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இன்று ஒரு டப்பா குருமா கொடுத்துவிட்டு வந்தாள்.

நவம்பர் 12, புதன்

திலகவதி அன்ரி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம். "பிரமு, உங்கட சோயா சாப்பாட்டை இவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிசம்பர் ஏழாந்தேதி விளக்கீட்டுக்கு அன்னதானம் வைக்கிறம். எண்பது பேர் வருவினம். நீங்கள்தான் அதைச் சமைக்கோணும்."

விளக்கீடு என்றால் அவர்கள் ஊரில் கார்த்திகை தீபமாம். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பாவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

"சாமி காரியம், பிரமு. சுண்டல் செஞ்சா என்ன?" என்றார்.

"எம்பது பேருக்கு மொத மொதல்ல என்னை நம்பிக் கேக்காங்க. சுண்டலாம் சுண்டல்."

நவம்பர் 18, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இன்று வகுப்பில் குப்பை பிரிப்பதைப் பற்றிப் பாடம். டீச்சர் திரையில் ஒரு படம் போட்டார். பச்சை வட்டம், இரண்டு அம்புகள். நான் சந்தோஷமாகக் கை தூக்கி, "இது சைவக் குறி" என்றேன். வகுப்பே சிரித்தது. அது பொட்டலத்தைச் சேகரித்து மறுபடி பயன்படுத்த அந்தக் கம்பெனி பணம் கட்டியிருக்கிறது என்பதற்கான குறியாம். ஷாம்பு பாட்டிலிலும் இருக்கும், பற்பசையிலும் இருக்கும், பன்றித் தொடையிலும் இருக்கும்.

இடைவேளையில் எலிஃபிடம் போனேன். எலிஃப் என் பக்கத்தில் உட்காருகிற துருக்கிப் பெண். அவள் வீட்டில் பன்றி சாப்பிடமாட்டார்கள், அதனால் லேபிள் படிப்பதில் பெரிய ஆள்.

"பூட்டேன்னா என்ன கம்பெனி?"

"கம்பெனியா? அது வான்கோழி."

நான் அழுவதைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது. முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாதே, பன்றி இல்லையே. வான்கோழிதானே" என்றாள்.

ஒரு மாதமாக வான்கோழி. குருமா, சுக்கா, வடை. சாமி படம் இருக்கிற அதே சமையலறையில். லேபிள் படித்தது நான். கம்பெனி பேர் என்று சொன்னது நான்.

நவம்பர் 19, புதன்

சொன்னால் அம்மா அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள். அப்பா தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிடுவார். சொல்லாவிட்டால் ஏழாந்தேதி எண்பது பேருக்கு, சாமிக்குப் படைத்துவிட்டு, வான்கோழி.

நவம்பர் 20, வியாழன்

எலிஃப் வழி சொன்னாள். அம்மா பயந்து ஓடிவந்தாளே, அந்தக் கோழிக்கால் படம் போட்ட அலமாரியில் இருப்பதுதான் முழுக்கச் சைவமாம். குடைமிளகாய் படத்துக்குள் வான்கோழியும் கோழிப் படத்துக்குள் பட்டாணியும் வைக்கிற ஊரில் நான் எப்படிப் பிழைப்பது?

அசலுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் மாற்றிவிடவேண்டும். பதினேழு நாள் இருக்கிறது. படத்தை அம்மா பார்க்காதபடி கவரைக் கழற்றி, டப்பாவில் போட்டுக் கொண்டுவருவேன்.

நவம்பர் 22, சனி

முதல் முயற்சி: புகை போட்ட டோஃபு. கடையில் பழைய சோயா தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, குருமா அடிப்பிடித்துவிட்டது என்று வருத்தப்பட்டு, நல்ல பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா மட்டும், "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

இரண்டாவது: சூரியகாந்தி விதையில் செய்த தூள். கொதித்ததும் கரைந்து காணாமல் போனது. அம்மா கரண்டியால் துழாவித் துழாவித் தேடினாள்.

"பிரமாதம்" என்றார் அப்பா.

"எதுங்க பிரமாதம்? உள்ள ஒண்ணுமே இல்லையே."

"அதான். வயித்துக்கு லேசா இருக்கு."

நவம்பர் 27, வியாழன்

மூன்றாவது: கோதுமைப் பசையில் செய்தது. பெயர் செய்த்தான். அப்பா கடைசித் துண்டை மென்றுகொண்டே ஷூ மாட்டினார், மென்றுகொண்டே லிஃப்ட்டில் இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பஸ் நிறுத்தத்தில் நின்றபோதும் தாடை அசைந்துகொண்டிருந்தது. ஆனாலும் ராத்திரி வந்து, "அது நல்ல சாமான்" என்றார். பழையதைத் தவிர எதைக் கொடுத்தாலும் அப்பா புகழ்கிறார். ஆனால் பழைய மாதிரி மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவதில்லை.

நவம்பர் 29, சனி

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டி, "எனக்கு இந்தப் பாக்கெட்தான் வேணும். ஏழாந்தேதிக்கு இதுதான். ஒனக்குக் கிடைக்கலைன்னா அப்பா வாங்கிட்டு வரட்டும்" என்று முடித்துவிட்டாள். "இருபத்தி நாலு பாக்கெட். செவ்வாய்க்கிழமைக்குள்ள."

அப்பா அந்தப் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டு, "சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

முடிந்தது. அப்பா போய் அதையே வாங்கி வரப்போகிறார். அப்பாவிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கதவு வரை போனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

அதிசயம் நடந்தது.

அப்பா ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "பழசு இனிமே வராதாம் பிரமு. கம்பெனியையே மூடிட்டானாம். நாலு கடை ஏறி இறங்கி, இது ஒண்ணுதான் பக்கத்துல வரும்னு வாங்கினேன்" என்றார். பாக்கெட்டுகளின் முன்பக்கம் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டிப் படத்தை மறைத்திருந்தது. கடையில் அப்படித்தான் கொடுத்தார்களாம். தாளில் எங்கள் வீட்டுப் பசையின் வாசனை.

என்னைக் கூப்பிட்டு ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்தார்.

"கோமு, என்னல்லாம் போட்டிருக்குன்னு படி."

படித்தேன். பட்டாணி, தண்ணீர், எண்ணெய், உப்பு, மிளகு.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன்பா."

அப்பா குக்கர் இறங்குவதுபோல நீளமாக ஒரு மூச்சு விட்டார். நானும் விட்டேன். ஒரே நேரத்தில் விட்டதால் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அம்மா ஒரு பாக்கெட் சமைத்துப் பார்த்தாள். நார் இருந்தது. கரையவில்லை. "பழசு மாதிரி வராது. ஆனா பரவால்ல" என்றாள்.

எத்தனையோ சாமான் இருக்கும்போது அப்பாவின் கை சரியாக இதில் போய் விழுந்தது எப்படி என்று தெரியவில்லை. அப்பாவுக்கு ராசியான கை.

டிசம்பர் 6, சனி

நாளைக்குப் பட்டுக் கட்டுவதாக அம்மா முடிவு செய்திருக்கிறாள். இந்த நோட்டை இன்று ராத்திரி மட்டும் பள்ளிக்கூடப் பைக்கு மாற்றுகிறேன். திங்கட்கிழமை பழைய இடத்துக்கே.

டிசம்பர் 7, ஞாயிறு

எண்பது பேர் என்றார்கள், நூறு பேர் வந்தார்கள். ஹால் முழுக்க விளக்கு. அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள். பாத்திரம் காலி. யார் யாரோ வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அம்மா எல்லோரிடமும் "நான் பிரமு" என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

திலகவதி அன்ரி மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அண்டைக்குத் தந்ததுக்கும் இதுக்கும் ருசி வேறயல்லோ?"

"பாக்கெட் மாறிட்டு அன்ரி."

"ஓம். நல்ல காலம்" என்றார். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "அண்டைக்கு நானும் இவரும் டப்பாவை வழிச்சுத்தான் சாப்பிட்டனாங்கள்" என்று சிரித்துக்கொண்டே போனார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏங்க, அடுத்த வருஷமும் என்னையவே செய்யச் சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மா. அடுத்த வருஷம் என்று சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

அம்மாவின் ஜெர்மன் வகுப்பில் இன்று கிறிஸ்துமஸ் விருந்து பற்றிப் பாடமாம். படமும் பெயருமாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். எங்கே, காட்டு என்றேன். அம்மா அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்று பாத்திரம் கழுவும்போது பாடவில்லை.

டிசம்பர் 10, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு முழுக்கச் சாம்பிராணி. ஃபயர் அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அம்மா தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு, பட்டுப்புடவை கட்டி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை, மத்தியானம். ஸ்டூல் போட்டு ஏறி அலாரத்தை நான்தான் நிறுத்தினேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது.

அப்புறம்தான் பட்டுப்புடவை எந்தப் பெட்டியில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நோட்டு வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே இருக்கிறது. கையில் படவில்லை போல. படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"சாப்பிட வா" என்று அம்மா மெதுவாகக் கூப்பிட்டாள். ரொம்ப மெதுவாக.

டிசம்பர் 11, வியாழன்

ராத்திரி ரசமும் பருப்புத் துவையலும். அம்மா ரசக் கரண்டியை எடுத்தவள், அப்பாவைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"ஏங்க, காலேஜ் ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழமை என்ன போடுவாங்க?"

அப்பாவுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்தார்.

"தயிர் சாதந்தான்."

"ஞாயித்துக்கெழமையுமா?"

"ஞாயித்துக்கெழமை தயிர் கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

"ம்" என்றாள் அம்மா. அப்பாவின் தட்டில் ரசத்தை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போது போர்வைக்குள் நோட்டைத் திறந்தேன். நடுவில் அந்தக் கவர், நாலாக மடித்து. பச்சை வட்டத்தைச் சுற்றி பேனாவால் ஒரு கோடு. வெளுத்த உள்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து:

'படத்தைப் பார்த்து மிரண்டு ஓடினது நான். நீ இல்லை. இருபத்து மூணு நாள் தனியா இதைச் சுமந்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வர்ற திங்கள் கார்த்திகைக் கடைசி சோமவாரம். நானும் நீயும் ஒரு வேளை பட்டினி. அப்பாவுக்கு மூணு நாள். திலகவதிகிட்ட நான் ஒண்ணும் கேட்கப்போறதில்லை. ஊருக்கு யாரும் போகலை. நாளைக்கு எலிஃபுக்கும் சேத்து டப்பா வைக்கேன், பட்டாணி. விளக்கை வாயில வைக்காதே, பல்லு கோணிக்கிடும். தூங்கு.'

இரண்டு தடவை படித்தேன். விளக்கை இப்போது கையில் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மட்டும் ஏன் மூன்று நாள் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே எழுதி வைக்கிறேன். இந்த நோட்டை இப்போது இரண்டு பேர் படிக்கிறோம்.